சிலேடைக் குறிப்புகளை அவிழ்ப்பது எப்படி

லாட்ஜில் கிடைப்பது கன்னத்தில் விழும் (2)

இதைப் படித்ததும் மனம் ஒரு காட்சியை உருவாக்கிக்கொள்கிறது. லாட்ஜ், ஏதோ தகராறு, யாருக்கோ அடி. அந்தக் காட்சிக்குள் போய்விட்டால் விடைக்கான வழி அடைபட்டுவிடும். குறிப்பு அப்படி ஒரு சம்பவத்தைச் சொல்லவே இல்லை. அது ஓர் இரண்டெழுத்துச் சொல்லை (அடைப்புக்குறிக்குள் உள்ள எண், விடையின் எழுத்து எண்ணிக்கை) இரண்டு முறை விளக்குகிறது. லாட்ஜில் கிடைப்பது ஓர் அறை. கன்னத்தில் விழுவதும் ஓர் அறை. இரண்டு விளக்கங்களையும் இடைவெளி தெரியாமல் ஒட்டி ஒரே வாக்கியமாக்கியிருக்கிறார் புதிர் அமைத்தவர்.

நேர்க்குறிப்புகளுக்கு அகராதி அறிவு போதும். 'யானையின் பெண்பால்' என்று கேட்டால் 'பிடி' தெரிந்தவர் எழுதிவிடுவார், தெரியாதவர் விட்டுவிடுவார். சிலேடைக் குறிப்பில் விடை பெரும்பாலும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்லாகத்தான் இருக்கும். தெரிந்த சொல்லைத் தெரியாததுபோல் மறைத்து வைப்பதுதான் இந்த வகையின் கலை. அதைக் கண்டுபிடிக்கத் திடீரென்று மின்னல் வெட்ட வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டு, வெட்டாதபோது சோர்ந்துவிடுகிறார்கள். மின்னலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளியில் படித்த எழுவாய், பயனிலை, ஏவல், வேற்றுமை ஆகிய நான்கையும் கையில் எடுத்துக்கொண்டால், தமிழ்ச் சிலேடைக் குறிப்புகளில் பெரும்பாலானவற்றை முறையாகவே பிரித்துவிடலாம்.

குறுக்கெழுத்து நமக்கு வெளியிலிருந்து வந்தது. 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் ஆர்தர் வின் வெளியிட்ட புதிரையே முதல் குறுக்கெழுத்தாகச் சொல்கிறார்கள். சொல்லை வைத்து ஏமாற்றும் குறிப்புகள் இங்கிலாந்தில் வளர்ந்தன. 1926 முதல் 'அப்சர்வர்' இதழில் 'டொர்கெமாடா' என்ற புனைபெயரில் எட்வர்டு போயிஸ் மாதர்ஸ் அமைத்த புதிர்கள் அந்த வகையை நிலைநிறுத்தின. 1949இல் 'அஃப்ரிட்' என்பவரும் 1966இல் 'ஸிமினஸ்' என்ற டெரிக் மக்நட்டும் எழுதிய நூல்கள், வாசகரைத் திசைதிருப்பலாம், ஆனால் குறிப்பின் ஒவ்வொரு சொல்லும் கணக்கில் வர வேண்டும் என்ற நியாயத்தை வகுத்தன. தமிழில் அந்த நியாயத்தோடு புதிர் அமைத்தவர்களில், அமெரிக்காவிலிருந்து வரும் 'தென்றல்' இதழில் எழுதிய வாஞ்சிநாதன் குறிப்பிடத்தக்கவர்.

கட்டம்தான் வெளியிலிருந்து வந்தது, சிலேடை நம்முடையது. நன்னூல் சொல்லும் 32 உத்திகளில் 'இரட்டுற மொழிதல்' ஒன்று. தண்டியலங்காரம் சிலேடையை ஓர் அணியாக வைத்து, சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவதைச் செம்மொழிச் சிலேடை என்றும், பிரித்தால் வேறு பொருள் தருவதைப் பிரிமொழிச் சிலேடை என்றும் வகுக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் வைத்துப் பாடினார். நஞ்சு என்பது பாம்புக்கு விஷம், கனிந்த பழத்துக்கு நைந்துபோதல். குறுக்கெழுத்துக் கட்டத்துக்குள் நாம் செய்வதும் இதையேதான். அந்தப் பழைய பாகுபாடு இன்றைய புதிருக்கு அப்படியே பொருந்துவதால் இந்த அத்தியாயத்திலும் அதையே பின்பற்றுகிறேன்.

ஒட்டு எங்கே இருக்கிறது

இரண்டு விளக்கங்கள் சேரும் இடத்தை 'ஒட்டு' என்று அழைப்போம். சிலேடைக் குறிப்பில் உங்கள் முதல் வேலை விடையைத் தேடுவது அல்ல, ஒட்டைத் தேடுவது.

தமிழில் ஒட்டு அதிகமாக ஒளிந்திருக்கும் இடம், எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவில். 'எலிக்கு வைத்தது கண்ணில் பறந்தது (2)' என்ற குறிப்பைப் பாருங்கள். 'எலிக்கு வைத்தது' எழுவாய், 'கண்ணில் பறந்தது' பயனிலை. இரண்டையும் வெட்டிப் பிரித்தால் ஒவ்வொன்றும் தனியாகவே ஒரு பொருளைச் சுட்டுகிறது. எலிக்கு வைத்தது எது? பொறி. அறை விழுந்ததும் கண்ணில் பறந்தது எது? அதுவும் பொறி. தமிழில் பயனிலைக்கு எழுவாய் வெளிப்படையாக வர வேண்டிய கட்டாயம் இல்லை. 'கண்ணில் பறந்தது' என்றாலே 'அது' உள்ளே இருக்கிறது. அதனால் ஒரு வாக்கியத்தின் இரு பாதிகளும் இரண்டு முழு விளக்கங்களாக நிற்க முடிகிறது. 'வைத்தது', 'கொதிப்பது', 'கேட்பது' என்று '-அது'வில் முடியும் சொல் குறிப்பின் நடுவில் வந்தால், அங்கே உடனே ஒரு கோடு கிழித்துப் பாருங்கள்.

டீக்கடையில் கொதிப்பது | திருக்குறளில் மூன்று உண்டு (2). விடை பால். அறத்துப்பால், பொருட்பால், காமத்துப்பால்.

கண்ணாடியின் முதுகில் பூசியது | சோற்றில் பிசையப்படும் (3). விடை ரசம். பழைய கண்ணாடியை 'ரசம் போய்விட்டது' என்போம் அல்லவா, அந்த ரசம்.

அடுத்த இடம் இன்னும் நுட்பமானது. நல்ல புதிர் அமைப்பாளர்கள் இதை அடிக்கடி பயன்படுத்துவார்கள். 'ஒளி தரும் விடுமுறை நாள் (3)' என்ற குறிப்பில் 'தரும்' என்ன சொல்? வழக்கமாகப் படித்தால் பெயரெச்சம், அதாவது ஒளி தருகிற விடுமுறை நாள். ஆனால் 'தரும்' வினைமுற்றாகவும் இருக்கலாம். அது ஒளி தரும். முற்றுப்புள்ளி. 'செய்யும்' என்னும் வாய்பாட்டில் பெயரெச்சமும் வினைமுற்றும் ஒரே வடிவில் இருப்பதை இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்திருப்போம். அதன் உண்மையான சுவை குறுக்கெழுத்தில்தான் தெரியும். 'தரும்' என்பதற்குப் பின்னால் புள்ளி வைத்தால் குறிப்பு இரண்டாகிறது. ஒளி தரும் ஞாயிறு வானத்தில், விடுமுறை ஞாயிறு நாட்காட்டியில். குறிப்பில் எங்கே 'வரும்', 'எழும்', 'ஆகும்', 'ஓடும்' போன்ற சொல்லைக் கண்டாலும், அதன் பின்னால் மனதுக்குள் ஒரு புள்ளி வைத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இதே உத்தியோடு இன்னொன்றும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 'கடலில் எழும் திரி (2)' நல்ல உதாரணம். 'திரி' என்றதும் விளக்குத் திரி நினைவுக்கு வருகிறது. கடலில் எழும் விளக்குத் திரி எது என்று யோசித்தால் கலங்கரை விளக்கம்வரை போய்த் திரும்ப வேண்டியதுதான். 'எழும்' என்பதன் பின்னால் புள்ளி வையுங்கள். கடலில் எழும்: அலை. மீதி 'திரி' மட்டும். இங்கே திரி வினைச்சொல், ஏவல். ஊர் சுற்று, அலை. விடையும் அலை. விடைக்கு இரு முகம் இருப்பதோடு குறிப்பில் உள்ள சொல்லுக்கும் இரு முகம் வைத்திருக்கிறார் அமைத்தவர். குறிப்பில் ஒற்றைச் சொல் தனியே நின்றால், அது பெயரா வினையா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஏவல் என்னும் சுரங்கம்

தமிழ் வினைச்சொல்லின் பகுதி அப்படியே முன்னிலை ஏவலாகவும் நிற்கிறது. அதே வடிவம் பல இடங்களில் பெயர்ச்சொல்லாகவும் இருக்கிறது. படி, கல், ஓடு, மடி, பிடி, நாடு, கூடு, ஆடு, பாடு, அடி, அணி, இசை, மறை, முடி, குடி, நகை, மலர், துணி, தட்டு, கட்டு, விளக்கு. எழுதிக்கொண்டே போகலாம். வேர் வேறான சொற்கள் எழுத்தில் ஒன்றாகிவிட்டதும் இவற்றில் உண்டு, ஒரே வேரிலிருந்து கிளைத்ததும் உண்டு. புதிர் போடுகிறவர்களின் கண் முதலில் போவது இங்கேதான். ஆகவே உங்கள் கண்ணும் இங்கே போகட்டும். குறிப்பில் ஓர் ஏவல் வந்துவிட்டால், விடையின் ஒரு பாதி வினைப்பகுதி என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். அதுவும் எண் (2) என்றிருந்தால் மேலே சொன்ன பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே பல நேரங்களில் விடை அகப்படும்.

வேகமாய்ப் போ, ஆமை முதுகில் இருக்கிறது (2). ஓடு.

தோசை ஊற்ற வேண்டுமா? பாடம் பயில் (2). கல்.

இருட்டைப் போக்கும், புரியும்படி சொல் (4). விளக்கு. பாத்திரம் தேய்ப்பவருக்கு இதில் மூன்றாவது பொருளும் உண்டு.

தேசம் தேடிப் போ (2). நாடு. இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த வடிவம் இது. மூன்றே சொல். 'தேசத்தை' என்று எழுதாமல் 'தேசம்' என்று நிறுத்தியதில்தான் இதன் நியாயம் இருக்கிறது. தேசம் என்பது நாடு. தேடிப் போ என்பதும் நாடு. கூடக் குறைய ஓர் எழுத்துக்கூட இல்லை.

ஏவலுக்கு ஏவல்தான் விளக்கமாக வர முடியும் என்பதைக் கவனத்தில் வையுங்கள். 'மாணவன் செய்ய வேண்டியது' என்றால் விடை 'படிப்பது' அல்லது 'படிப்பு', 'படி' அல்ல. 'வாசி' என்றால்தான் 'படி'. விளக்கத்தின் இலக்கண வடிவமும் விடையின் வடிவமும் பொருந்தாவிட்டால், ஒன்று உங்கள் விடை தவறு, இல்லையென்றால் குறிப்பு தவறு. முதலில் விடையைச் சந்தேகியுங்கள்.

பிரிமொழி

விடையை இரண்டாக வெட்டினால் இரண்டாவது பொருள் பிறக்கும் குறிப்புகள் இவை. 'துர்க்கைக்கு இருப்பது தச்சர் இழைப்பது (3)'. ஒட்டு எங்கே என்று இப்போது உங்களுக்கே தெரியும். தச்சர் இழைப்பது பலகை. துர்க்கைக்கு இருப்பது பல கை. ஒட்டைக் கண்டுபிடிப்பதில் வேறுபாடு ஏதும் இல்லை. விடையை எழுதிப் பார்த்து ஒரு பக்கம் பொருந்தி மறுபக்கம் பொருந்தாமல் நின்றால், அதை வெட்டிப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே கூடுதல் வேலை.

'ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய இடம் வந்துசேர்ந்த குதிரை (5)' என்பதில் 1760ஆம் ஆண்டுப் போர் நினைவுக்கு வந்தால் வந்தவாசி கிடைத்துவிடும். வந்த வாசி என்று பிரித்தால் வந்துசேர்ந்த குதிரை. வாசி என்றால் குதிரை என்பது இலக்கிய வழக்கு. அது தெரியாதவரும் முதல் பாதியை வைத்து விடையை எழுதிவிட்டு, பிறகு அகராதி பார்த்து ஒரு புதுச்சொல்லைக் கற்றுக்கொள்ளலாம். இந்த விளையாட்டு மொழிக்குச் செய்யும் பெரிய நன்மை அது.

பிரிமொழியில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ'. லை, ளை, ரை என்று முடியும் சொற்களில் பலவற்றுக்குள் ஒரு பெயரும் 'ஐ'யும் இருக்கின்றன. காலை என்பது விடியல், கால்+ஐ. கடலை என்பது தின்பண்டம், கடல்+ஐ. அவரை என்பது காய், அவர்+ஐ. 'பந்தலில் காய்த்தது இவரை அல்ல (3)' என்றால் அவரை. 'அனுமன் தாண்டியதை வறுத்துக் கொறிக்கலாம் (3)' என்றால் கடலை.

இந்தக் கடைசிக் குறிப்பில் சற்று நிற்போம். 'தாண்டியதை' என்பதில் உள்ள 'ஐ' வாக்கியத்துக்காக வந்தது போலத் தோன்றுகிறது. உண்மையில் அது விடைக்காக வந்தது. அனுமன் எதைத் தாண்டினான்? கடலை. குறிப்பில் இருக்கும் 'ஐ' விடையில் இருக்கும் 'ஐ'யோடு நேராகப் பொருந்துகிறது. இதற்கு மாறாக 'அரிசி அளப்பதை வாசி (2)' என்று ஒருவர் 'படி'க்குக் குறிப்பு எழுதினால், அந்த 'ஐ'க்கு விடையில் கணக்கு இல்லை. அரிசி அளப்பது படி, 'படியை' அல்ல. இப்படிப்பட்ட குறிப்புகள் இதழ்களில் வரத்தான் செய்கின்றன. நீங்கள் விடை எழுதத்தான் வேண்டும். ஆனால் என் கருத்தில் அவை குறையுள்ள குறிப்புகளே. வாசகர் ஒவ்வோர் உருபையும் நம்பிப் படிக்க வேண்டுமானால், அமைப்பவர் ஒவ்வோர் உருபையும் பொறுப்போடு வைக்க வேண்டும்.

ஊர்ப்பெயர்களின் சுருக்கங்களும் இந்த வகைக்கு நன்றாக வளைந்துகொடுக்கும். 'முருகன் வாகனமாகக் கொண்டதைச் சென்னையில் காணலாம் (3)' என்பதற்கு விடை மயிலை. இங்கே 'கொண்டதைச்' என்பதில் உள்ள 'ச்' வாக்கியத்தின் சந்திக்காக மட்டும் வந்தது. ஒட்டு இருக்கும் இடத்தில் மிகும் ஒற்றைப் பொருட்படுத்த வேண்டாம். அங்கே ஒற்று மிகுந்திருப்பதாலேயே இரு சொற்களும் பிரிக்க முடியாதவை என்று ஏமாந்துவிடக் கூடாது.

எழுத்து ஒன்று, ஒலி இரண்டு

பாட்டி சொன்னது பீமன் தோளில் இருந்தது (2). விடை கதை. பாட்டியின் கதைக்கும் பீமனின் கதைக்கும் உச்சரிப்பு வேறு. எழுத்தில் வேறுபாடு இல்லை. க, ச, ட, த, ப ஆகியவற்றுக்கு நம் எழுத்துமுறை வல்லொலி, மெல்லொலி என்று தனித்தனி வரிவடிவம் வைத்துக்கொள்ளவில்லை. வடமொழியிலிருந்து வந்த சொற்கள் இதனால் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. 'நடனத்துக்கு வேண்டியது கங்கையில் கழுவப்படும் (3)' என்றால் பாவம்.

இவை கடினமாகத் தோன்றுவதற்குக் காரணம், நாம் மனதுக்குள் சொல்லை ஒலித்துப் பார்க்கிறோம். ஒருமுறை ஒரு விதமாக ஒலித்துவிட்டால் காது மற்றொன்றை மறுக்கிறது. விடைக்கான சொல்லைத் தாளில் எழுதிப் பார்த்தால் அந்தப் பிடி விலகும். இரு சொற்களுக்கும் பிறப்பில் உறவே இல்லாததால் சிலேடையும் தூய்மையாக இருக்கும். 'நடப்பது' என்றும் 'நடக்கும் விதம்' என்றும் 'நடை'க்குக் குறிப்பு எழுதினால் அது சிலேடை அல்ல, ஒரே பொருளை இரண்டு முறை சொல்வது.

லகர ளகர ழகரங்கள் வேறு கதை. கலையும் களையும் கழையும் எழுத்தில் வேறானவை. அவற்றைக் கலந்து விளையாட வேண்டுமென்றால் 'ஒலித்தால்', 'காதில் விழுந்தால்' போன்ற அடையாளம் குறிப்பில் இருக்க வேண்டும்.

சிலேடை விடையில் இல்லாதபோது

கரை உண்டு, நீர் இல்லை. கட்சிக்காரர் விரும்புவது (3). விடை வேட்டி. வேட்டி என்ற சொல்லுக்கு இரு பொருள் இல்லை. இரு பொருள் குறிப்பில் உள்ள 'கரை'க்கு. ஆற்றின் கரையை நினைக்கவைத்துத் துணியின் கரையைக் கேட்கிறது குறிப்பு. இங்கே ஒட்டைத் தேடிப் பயனில்லை, குறிப்பு முழுவதும் ஒரே விளக்கம். சீப்பின் பல்லையும் ஊசியின் காதையும் வைத்து நம் வீடுகளில் போட்ட விடுகதைகளுக்கு இவை நேரடி வாரிசுகள். ஒன்றின் உறுப்பைச் சொல்லி, அந்த உறுப்புக்கு வழக்கமான செயலை மறுத்தால், அது இந்த வகை என்று கொள்ளலாம். கேள்விக்குறியும் 'ஆனால்', 'அல்ல', 'இல்லை' என்ற சொற்களும் நல்ல அடையாளங்கள். 'கால் இல்லாமலே ஏறும், ஏறினால் இறங்க மறுக்கும் (2)' என்பதில் 'ஏறும்' என்ற வினைதான் சிலேடை. விடை விலை. வயதும் பொருந்துமே என்று தோன்றலாம். வயது மூன்றெழுத்து.

எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது

ஒட்டைப் பிடித்தபின் இரண்டு விளக்கங்கள் கையில் இருக்கும். அவற்றில் விடைகள் குறைவாக உள்ள பக்கத்திலிருந்து தொடங்குங்கள். 'பாட்டி சொன்னது' என்பதற்கு மருந்து, பழமொழி, அறிவுரை, கதை என்று எத்தனையோ வரலாம். 'பீமன் தோளில் இருந்தது' என்பதற்கு ஒன்றுதான். பெயர், ஊர், நூல், தொழில் ஆகியவற்றைக் குறிப்பிடும் பக்கம் எப்போதும் குறுகலானது. அங்கே கிடைக்கும் விடையை மறுபக்கத்தில் வைத்துச் சோதியுங்கள். இரண்டு பக்கமும் முழுமையாகப் பொருந்தி, குறிப்பில் எந்தச் சொல்லும் மிஞ்சாமல் இருந்தால்தான் பேனாவை எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பொருந்திய விடையைப் பேனாவால் எழுதுவதுதான் கட்டம் முழுவதையும் கெடுக்கிறது.

வட்டார வழக்கு ஒரு தடையாக வரலாம். 'கொத்தனார் ஏறி நிற்பது நெல்லையில் இடுப்பில் இருக்கும் (3)' என்றால் சாரம். கட்டடத்துக்குக் கட்டும் சாரம் எல்லோருக்கும் தெரியும். கைலியைச் சாரம் என்று சொல்வது தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் உள்ள வழக்கு. நல்ல அமைப்பாளர் வட்டாரத்தைக் குறிப்பிலேயே காட்டிவிடுவார். குறிப்பில் காரணமில்லாமல் ஊர்ப்பெயர் வந்தால் அந்த ஊர்ப் பேச்சை நினைத்துப் பாருங்கள்.

கட்டம் தரும் உதவி

தமிழ்க் கட்டத்தில் உயிர்மெய் முழுதாக ஒரு கட்டத்தில் உட்காருகிறது. மெய்யெழுத்துக்குத் தனிக்கட்டம். ஆகவே குறுக்கே வரும் ஒரே ஓர் எழுத்து கிடைத்தாலும் அது மெய், உயிர் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. சிலேடைக் குறிப்புகளைக் கடைசியில் எடுத்துக்கொண்டு, நேர்க்குறிப்புகளை முதலில் நிரப்புவது இதனால்தான் லாபம்.

கடைசி எழுத்து 'டு' என்று தெரிந்தால் ஏவலும் பெயருமான கூட்டம் காத்திருக்கிறது: ஆடு, ஓடு, கூடு, சூடு, நாடு, பாடு. பேச்சு வழக்கையும் ஏற்கும் புதிர் என்றால் 'மூடு' என்பதும் உண்டு, மனநிலையும் அது, சாத்து என்பதும் அது. கடைசி எழுத்து 'ம்' என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் பெயர்ச்சொற்கள், ஏவலைத் தேட வேண்டாம். 'லை', 'ளை', 'ரை' என்றால் 'ஐ'யைச் சந்தேகியுங்கள். முதல் எழுத்து ட, ர, ல வரிசையில் வந்தால் அது வேற்றுமொழிச் சொல்லாகவோ பேச்சு வழக்காகவோ இருக்கும். ண, ழ, ள, ற, ன வரிசையில் வந்தால் குறுக்கே எழுதிய விடையைத் திருத்த வேண்டும். க், ச், ட், த், ப், ற் ஆகியவை தமிழ்ச் சொல்லின் இறுதியில் வராது. வார இதழ்ப் புதிர்கள் பலவற்றில் வலமிருந்து இடமாகவும் கீழிருந்து மேலாகவும் விடை எழுதும்படி இருக்கும். அங்கே முதல் எழுத்து எது, இறுதி எழுத்து எது என்று பார்த்த பிறகே இந்த விதிகளைப் பயன்படுத்துங்கள்.

அகராதி பார்ப்பது குற்றமல்ல. 1992இல் முதற்பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஒரு சொல்லின் பொருள்களை எண்ணிட்டுத் தருகிறது. இன்றைய வழக்குக்கு அதுதான் முதல் துணை. இலக்கியச் சொற்களை விரும்பும் அமைப்பாளர் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி வேண்டும். இவற்றோடு சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியையும் சொல்ல வேண்டும். ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி என்ற அந்தப் பகுதி முழுவதும் பல பொருள் தரும் சொற்கள்தான், அதுவும் எதுகை வரிசையில். எதுகை என்றால் இரண்டாம் எழுத்து. கட்டத்தில் இரண்டாம் எழுத்து மட்டும் கிடைத்து முதல் எழுத்து கிடைக்காமல் திண்டாடும்போது, அகரவரிசை அகராதி கைவிடும் இடத்தில் அந்த நிகண்டை இயற்றிய மண்டல புருடர் கைகொடுப்பார்.

பயிற்சி

கீழே உள்ள எட்டுக் குறிப்புகளில் முதலில் ஒட்டுக்குக் கோடு போடுங்கள். விடையை அதன்பின் தேடுங்கள். ஒன்றில் ஒட்டு இருக்காது.

1. உடுத்தியது பால்மேல் படிந்தது (2)
2. தையல்காரர் கேட்பது: தயங்காமல் இறங்கு (2)
3. பூனை குடித்ததை ஐந்திணையில் காணலாம் (2)
4. கிளி கொத்தும் பஞ்சாலை நகரம் (2)
5. வீரன் உருவியதை மீன்சந்தையில் வாங்கலாம் (2)
6. பொன்னியின் செல்வன் போன்றது மரத்தில் பழுக்கும் (3)
7. கொலுசாகும் சிங்கப்பூர்ப் பணம் (3)
8. தலைப்பு உண்டு, கட்டுரை அல்ல. மடிப்பு உண்டு, கடிதம் அல்ல (3)

விடைகள்: முதலாவது ஆடை, எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவில் ஒட்டு. இரண்டாவது துணி, பிற்பாதி ஏவல். மூன்றாவது பாலை, பால்+ஐ. நான்காவது கோவை, 'கொத்தும்' என்பதன் பின்னால் புள்ளி. ஐந்தாவது வாளை, வாள்+ஐ. ஆறாவது நாவல், 'போன்றது' என்ற சொல் பொன்னியின் செல்வன் ஓர் உதாரணம் மட்டுமே என்று சொல்கிறது. ஏழாவது வெள்ளி, சிங்கப்பூரில் டாலரைத் தமிழர்கள் வெள்ளி என்றே சொல்கிறார்கள். எட்டாவது புடவை, ஒட்டு இல்லாத குறிப்பு இதுதான், சிலேடை தலைப்பிலும் மடிப்பிலும் இருக்கிறது. சேலை என்று எழுதியவர்கள் எண்ணை மறுபடி பாருங்கள், சேலை இரண்டெழுத்து.